ஆன்டெனாவை விட்டு அலை கழன்றுபோகும் கணம்

இணையத்தில் டைபோல் (இருமுனைக் கம்பி) ஆன்டெனா என்று தேடினால் ஒரு சின்ன அனிமேஷன் கட்டாயம் கண்ணில் படும். நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி. அதன் இரு பக்கமும் கோடுகள் புடைத்துக்கொண்டு வெளியே வரும், கம்பிக்கு அருகே ஒடுங்கும், பிறகு அறுந்து, மூடிய வளையங்களாகிப் பெருத்தபடியே திரையின் ஓரத்துக்குப் போய் மறையும். இரண்டு நொடிக்கு ஒருமுறை அதே காட்சி மறுபடி ஓடும். சமன்பாடுகள் மறந்துபோன பொறியியல் பட்டதாரிக்கும் இந்தப் படம் மறப்பதில்லை.

இதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. எஃப்.எம். வானொலியின் 100 மெகாஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்வோம். ஒரு முழு அலைவு முடிய 10 நானோநொடிதான் ஆகிறது. அதை இரண்டு நொடிக்கு இழுத்துக் காட்டுகிறார்கள் என்றால் காலத்தை 20 கோடி மடங்கு மெதுவாக்கியிருக்கிறார்கள். அலைக்கு நிறம் கிடையாது, நிறத்தை யாரோ பூசியிருக்கிறார்கள். கோடும் வெளியில் இல்லை, வரைந்தவர் தேர்ந்தெடுத்தது. எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகள் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் இருக்கின்றன. அந்த முடிவுகளைப் பற்றி வீடியோவின் கீழே யாரும் எழுதிவைப்பதில்லை. அதனால்தான் சரியான கணக்கில் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தப்பான முடிவுக்கு வருவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

படத்தின் மூலம் கணினியைவிடப் பழசு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மின்காந்த அலைகள் உண்டு என்று சோதனையில் காட்டிய ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ், 1889இல் வெளியிட்ட கட்டுரையில் தன் அலைவியை (மின்னூட்டத்தை முன்னும் பின்னும் ஆடவைக்கும் கருவி) சுற்றிய மின்விசைக் கோடுகளை, அதாவது ஒவ்வோர் இடத்திலும் மின்விசையின் திசையைக் காட்டும் கோடுகளை, நான்கு படங்களாக வரைந்தார். அரை அலைவின் நான்கு வெவ்வேறு கணங்கள் அவை. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நான்கு ஃபிரேம் கொண்ட அனிமேஷன் என்றே சொல்லலாம். கோடு ஒடுங்குவது, வெளிப்பகுதி தனி வளையமாகப் பிரிவது, உள்பகுதி கம்பிக்கே திரும்பிப் போவது என்று இன்றைய அனிமேஷனில் இருக்கும் எல்லாமே அந்த நான்கு படங்களில் இருக்கின்றன. படத்தின் மையத்தை மட்டும் அவர் வரையவில்லை. அலைவியை ஒரு புள்ளியாகச் சுருக்கிப் போட்ட கணக்கு அது. மிக அருகில் அது செல்லாது என்பது அவருக்குத் தெரியும். இன்று பல அனிமேஷன்கள் அந்த இடத்தையும் தயங்காமல் நிரப்பிவிடுகின்றன.

அந்தப் பிரிவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மின்விசைக் கோடு நேர் மின்னூட்டத்தில் தொடங்கி எதிர் மின்னூட்டத்தில் முடிய வேண்டும், இல்லையென்றால் தன்னைத்தானே மூடிக்கொள்ள வேண்டும். இங்கே மூன்றாவது வழி இல்லை. தொடக்கத்தில் கம்பியின் இரு முனைகளிலும் மின்னூட்டம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் 2.5 நானோநொடியில் மேல் முனையில் நேர் மின்னூட்டமும் கீழ் முனையில் எதிர் மின்னூட்டமும் உச்சத்துக்குச் சேர்ந்துவிடும். மேலிருந்து கீழாகக் கோடுகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த 2.5 நானோநொடியில் மின்னூட்டம் திரும்ப ஓடித் தீர்ந்துபோகும். கம்பியை ஒட்டிய கோடுகள் அதோடு சேர்ந்து சுருங்கி உள்ளே போய்விடும். தள்ளியிருக்கும் கோடுகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேர நேரம் வேண்டும். ஒளி நானோநொடிக்கு 30 சென்டிமீட்டர் போகிறது. 2.5 நானோநொடியில் 75 சென்டிமீட்டர், அதாவது கால் அலைநீளம். சேதி வருவதற்குள் முனைகளில் மின்னூட்டம் காலியாகிவிட்டது. தொடங்கவும் முடியவும் இடமில்லாத கோடுகள் என்ன செய்யும்? இடுப்பு ஒட்டி, மேலும் கீழும் சேர்ந்து, மூடிய வளையமாகிவிடும். இனி அதற்குக் கம்பி தேவையில்லை. அடுத்த அரை அலைவில் முனைகள் தலைகீழாகும், எதிர்த்திசையில் சுற்றும் அடுத்த வளையங்கள் பிறந்து முன்னதைத் தள்ளிக்கொண்டு போவது போலக் கிளம்பும். அடுத்தடுத்த வளையக் கூட்டங்களுக்கு இடையே அரை அலைநீளம், நம் எடுத்துக்காட்டில் ஒன்றரை மீட்டர்.

ஆன்டெனா ஏன் கதிர்வீசுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் எந்தச் சமன்பாட்டிலும் பார்த்ததில்லை. சேதி தாமதமாகப் போகிறது, அவ்வளவுதான். ஒளியின் வேகம் எல்லையற்றதாக இருந்தால் கோடுகள் எல்லாம் ஒழுங்காக வீடு திரும்பிவிடும், வானொலி என்று ஒன்று இருக்காது.

ஹெர்ட்ஸின் படங்களுக்கு அடுத்து வந்த பெரிய முயற்சியைப் பலர் மறந்துவிட்டார்கள். புள்ளியியலில் பெயர்பெற்ற கார்ல் பியர்சனும், லண்டனில் அவரோடு கணக்கீடுகள் செய்துவந்த ஆலிஸ் லீயும், 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே அலைவியை மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஹெர்ட்ஸ் வரைந்தது ஓயாமல் ஆடும் அலைவி. அவர் கையில் உண்மையில் இருந்ததோ ஒரு தீப்பொறிக் கருவி. பொறி தெறித்ததும் சில அலைவுகளில் அடங்கிவிடும். அடங்கிக்கொண்டே போகும் அலைவியின் கோடுகளைக் கணம் கணமாக, படம் படமாக, கையால் கணக்கிட்டு வரைந்தார்கள் இருவரும். இன்று ஒரு நிமிடத்தில் ஓடிமுடியும் வேலை.

கணினி வந்தபிறகு நடந்ததில் எனக்குப் பிடித்த சம்பவம் 1972இல். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், அசையும் மின்துகளைச் சுற்றிய மின்புலக் கோடுகளைக் கணினியால் வரைந்து அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் கட்டுரை எழுதினார். பெயர் ரோஜர் சியென். பிற்பாடு வேறு பக்கம் போய், உயிரணுக்களுக்குள் ஒளிரும் பச்சைப் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பதில் மனிதருக்கு அப்போதிருந்தே ஆசை போலிருக்கிறது.

கோடுகளை வரைவதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஒரு கணத்தின் படத்தில் கோடு எது என்பதில் சந்தேகமில்லை. அடுத்த கணத்தின் படத்திலும் இல்லை. ஆனால் முதல் படத்தின் இந்தக் கோடுதான் அடுத்த படத்தின் அந்தக் கோடு என்று எப்படிச் சொல்வது? இயற்பியல் அதற்குப் பதில் தருவதில்லை. கோடு ஒரு பொருள் இல்லை, அதற்கு அடையாள அட்டையும் இல்லை. எனவே அனிமேஷன் செய்பவர் ஒரு விதியை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாயேஜர் விண்கலங்களின் பிளாஸ்மா கருவியில் பணியாற்றிய ஜான் பெல்ச்சர், எம்.ஐ.டி.யில் மின்காந்தவியலை அனிமேஷன்கள் வழியே கற்பிக்கும் திட்டத்தை நடத்தியபோது இதற்கு ஒரு நல்ல விதியை வைத்தார். ஆற்றல் எந்தத் திசையில் பாய்கிறதோ அந்தத் திசையில் கோடு நகரட்டும் என்பது விதி. 2003இல் ஸ்டானிஸ்லாவ் ஓல்பர்ட்டோடு சேர்ந்து அதை விளக்கமாக எழுதியும் இருக்கிறார். அதே திட்டத்தில் ஆண்ட்ரியாஸ் சண்ட்குவிஸ்ட் கோடுகளையே விட்டுவிட்டு, திரை முழுக்க மணல் தூவியது போன்ற புள்ளிகளைப் புலத்தின் திசையில் இழுத்துவிட்டு, அந்த இழைகளை ஓடவைத்தார். எங்கே எத்தனை கோடு போடுவது என்ற கேள்வியே அங்கே எழாது. திரையில் எந்த இடமும் காலியாக இருக்காது.

ஹெர்ட்ஸ் அலைவிக்கு மட்டும் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை, அதற்குக் காரணம் ஹெர்ட்ஸ் கண்டுபிடித்த ஒரு குறுக்கு வழி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, ஒரே எண் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் அதுவே விசைக்கோடு. அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதும் எளிது. புள்ளியின் தொலைவை அலைநீளத்தால் வகுத்து 2 பையால் (2π) பெருக்கினால் கிடைப்பது தொலைவு எண். அதிலிருந்து நேரத்துக்கான கட்டத்தை, அதாவது அலைவு அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கோணத்தை, கழித்தால் ஒரு கோணம் வரும். அந்தக் கோணத்தின் கொசைனிலிருந்து, அதே கோணத்தின் சைனைத் தொலைவு எண்ணால் வகுத்துக் கழிக்க வேண்டும். கடைசியில், கம்பியின் அச்சோடு அந்தப் புள்ளி செய்யும் கோணத்தின் சைனை எடுத்து, அதன் வர்க்கத்தால் பெருக்கிவிட வேண்டும். பைத்தானில் பத்து வரிக்குள் முடிந்துவிடும். சம உயரக் கோடு போடும் கட்டளை எந்த வரைபட மென்பொருளிலும் இருக்கிறது.

இதை ஓடவிட்டுக் கம்பியின் அருகே உற்றுப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லை, கம்பியை விட்டுக் கிளம்பும்போது மிக வேகமாக ஓடுகிறது. பிறகு நிதானத்துக்கு வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அலைநீளத்தை 2 பையால் வகுத்த தொலைவில், 100 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 48 சென்டிமீட்டரில், அந்த எல்லை ஒளியைப் போல இரு மடங்கு வேகத்தில் போகிறது! இன்னும் உள்ளே போனால் இன்னும் அதிகம். ஒரு முழு அலைநீளத் தொலைவில் மிகை 2.5 சதவீதம்தான். பிறகு சாதாரண ஒளிவேகம்.

ஐன்ஸ்டைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பியின் அருகே இருப்பது ஒரே அலை இல்லை. தொலைவின் முப்படியால் குறையும் பகுதி, இருபடியால் குறையும் பகுதி, வெறும் தொலைவால் குறையும் பகுதி என மூன்றும் வெவ்வேறு கட்டங்களில் ஆடிக்கொண்டிருக்கின்றன. கம்பியிலிருந்து நேராக வெளிநோக்கிய புலத்தில் முதல் இரண்டு மட்டுமே உண்டு, அந்த இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்யமாகும் இடம்தான் அந்த எல்லை. அந்த இடம் வேகமாக நகர்ந்தால் எதுவும் பயணம் செய்தது என்று பொருள் இல்லை. நிஜமான வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆன்டெனாவுக்கு அப்போதுதான் சுவிட்ச் போட்டது போல ஓட்ட வேண்டும். அமைதியான வெளியில் முதல் அலைமுகம் பரவும், அது எப்போதும் ஒளிவேகத்தில்தான் போகும், ஒரு மில்லிமீட்டர்கூட முந்தாது.

இங்கேதான் அனிமேஷன்கள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. ஆன்டெனா வடிவமைப்பு மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரே ஓர் அதிர்வெண்ணுக்குக் கணக்கைத் தீர்க்கின்றன. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவாகி இன்று பொழுதுபோக்காக வானொலி இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் வரை எல்லோர் கையிலும் இருக்கும் நெக்-2 அப்படிப்பட்டது. கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து எந்த இடத்தின் புலத்தையும் சொல்லிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீச்சு, ஒரு கட்டம். அனிமேஷன் வேண்டுமென்றால் கட்டத்தை 0 முதல் 360 டிகிரி வரை சுழற்றினால் போதும். கணக்கு ஒன்றுதான், மீதி எல்லாம் சுழற்சி. முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் பிசிறில்லாமல் சேர்ந்துகொள்வது இதனால்தான். இந்த வகைப் படத்தில் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. சுவிட்ச் போட்டதும் என்ன ஆகும் என்று இதனிடம் கேட்கவே முடியாது. ஓர் அலைவுக்குப் பத்திருபது ஃபிரேமாவது வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிரேம் பாதி அலைவுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டால் அலை வெளியிலிருந்து ஆன்டெனாவுக்குள் பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரியக்கூடும். அப்படிப்பட்ட படங்கள் இணையத்தில் இல்லாமல் இல்லை.

மற்றொரு வகை, நேரத்தை நிஜமாகவே நடத்திக்கொண்டு போகும் முறை. பொறியாளர்கள் எஃப்.டி.டி.டி. (ஃபைனைட் டிஃபரன்ஸ் டைம் டொமைன்) என்பார்கள். கேன் யீ 1966இல் வகுத்தது. வெளியைச் சின்னப் பெட்டிகளாக வெட்டி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைப் பெட்டி தள்ளித் தள்ளி வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் புதுப்பித்துக்கொண்டே போவது. அலைநீளத்துக்கு 20 பெட்டி என்று வைத்தால் நம் எஃப்.எம். அலைக்கு ஒரு பெட்டி 15 சென்டிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 200 பெட்டி வைத்தால் மொத்தம் 80 லட்சம் பெட்டிகள். பெட்டிக்கு ஆறு எண்கள், எண்ணுக்கு 4 பைட், ஆக ஒரு கணத்தின் படத்துக்கே 192 மெகாபைட். ஓர் அலைவைக் கடக்க ஏறக்குறைய 35 படிகள். யீ எழுதிய காலத்தில் இதை முப்பரிமாணத்தில் நினைத்தே பார்க்க முடியாது. இன்று கல்லூரி விடுதியில் இருக்கும் கேமிங் லேப்டாப் செய்துவிடும்.

இந்த முறையின் தலைவலி ஓரத்தில் இருந்தது. கணினியின் வெளிக்கு எல்லை உண்டு, அங்கே போய் மோதும் அலை திரும்பி வந்து படத்தைக் கெடுக்கும். ழான்-பியர் பெரஞ்சே 1994இல் சொன்ன உறிஞ்சும் விளிம்பு அதை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துவைத்தது. அலை அதற்குள் எதிரொலிக்காமல் நுழைந்து செத்துப்போகும். பார்ப்பவர் கண்ணுக்கு வெளி முடிவில்லாமல் நீள்வது போலத் தோன்றும்.

சரி, யூடியூபில் பார்க்கும் அழகான வட்ட அலைகள் எல்லாம் இப்படி முப்பரிமாணத்தில் செய்தவையா என்றால், பெரும்பாலும் இல்லை. இரு பரிமாணக் கணக்கு சுலபம், வேகமாக ஓடும், எனவே அதையே போட்டுவிடுகிறார்கள். இரு பரிமாணத்தில் ஆன்டெனா என்பது திரைக்கு முன்னும் பின்னும் முடிவில்லாமல் நீளும் ஒரு கம்பி. அதன் புலம் தொலைவின் வர்க்கமூலத்தால்தான் குறையும், நிஜ ஆன்டெனாவில் தொலைவாலேயே குறையும். வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. ஒரு குறுந்துடிப்பை அனுப்பினால் முப்பரிமாணத்தில் அது கடந்துபோனதும் வெளி உடனே அமைதியாகிவிடும். இரு பரிமாணத்தில் பின்னால் ஒரு வால் நெடுநேரம் இழுபடும். குளத்தில் கல் போட்டால் எழும் வளையம் போல அலை பரவும் என்று பாடப்புத்தகம் சொல்வதை நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். குளம் ஒரு தட்டையான பரப்பு. வானொலி அலைக்கு அந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் போகும்.

நிறம் இன்னொரு வில்லங்கம். 4.8 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள புலத்தையும் 4.8 மீட்டர் தொலைவில் உள்ள புலத்தையும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 10,000 மடங்கு வித்தியாசம். சாதாரணத் திரையில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். நேர் விகிதத்தில் நிறம் பூசினால் கம்பியருகே ஒரு வெள்ளைத் திட்டும் மற்ற இடமெல்லாம் கருப்பும்தான் கிடைக்கும். அதனால் மடக்கை அளவில் பூசுகிறார்கள், அல்லது புலத்தைத் தொலைவால் பெருக்கிவிட்டுப் பூசுகிறார்கள். இரண்டாவது வழியில் அலை குறையாமலேயே போவது போலத் தெரியும். தப்பில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். நான் பார்த்த பல வீடியோக்களில் நிற அளவுகோலே இல்லை. அளவுகோல் இல்லாத நிறப் படத்தை அழகுக்காகப் பார்க்கலாம், அதற்கு மேல் எதற்கும் நம்பக் கூடாது.

இதைவிடப் பெரிய குழப்பம் இதழ் வடிவப் படங்களால் வருகிறது. ஆன்டெனாவிலிருந்து பூவிதழ் போல சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வடிவம் நீண்டு நிற்கும், 5ஜி கோபுரங்களைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும். அதைப் பார்க்கிறவர்கள் அந்த இதழுக்குள்தான் கதிர்வீச்சு இருக்கிறது, வெளியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வெளியில் இருக்கும் எதன் வடிவமும் இல்லை. மிகத் தொலைவில் எந்தத் திசையில் எவ்வளவு வலிமை என்பதைக் காட்டும் வரைபடம்தான் அது. இதழ் நீளமாக இருந்தால் அந்தத் திசையில் வலிமை அதிகம் என்று பொருள், அத்தனை மீட்டருக்கு மட்டும் எட்டும் என்று இல்லை. அந்த வரைபடத்தைக் கோபுரத்தின் படத்தோடு ஒட்டிவைப்பவர்களைத்தான் குறைசொல்ல வேண்டும்.

கணினியில்லாமல் நிஜ நுண்ணலையைப் படமெடுத்தவர்களும் உண்டு. பெல் ஆய்வகத்தில் வின்ஸ்டன் காக்கும் ஃபிளாய்ட் ஹார்வியும் 1951இல் அந்த முறையை வெளியிட்டார்கள். அலையை வாங்கும் சின்ன முனையோடு ஒரு விளக்கைக் கட்டி, இருட்டறையில் வரி வரியாக நகர்த்தி, கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாங்கிய சமிக்ஞையோடு மூலச் சமிக்ஞையையும் கலந்து விளக்குக்குக் கொடுத்ததால், வீச்சோடு அலைமுகங்களும் பட்டை பட்டையாகப் படத்தில் விழுந்தன. கணினி அனிமேஷனில் நாம் செய்யும் கட்டச் சுழற்சியின் ஒரு ஃபிரேமை விளக்கை வைத்தே எடுத்துவிட்டார்கள்.

வளையங்கள் வெளியேறும் படம் எல்லாமே ஒலிபரப்பும் ஆன்டெனாவுடையது. நம் மொட்டைமாடிகளில் தூர்தர்ஷனுக்காகவும், தென்கோடிக் கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாகினிக்காகவும் உயரக் கம்பத்தில் நின்ற யாகி-உடா ஆன்டெனாக்கள் வாங்கும் வேலையைத்தான் செய்தன. ஜப்பானின் செண்டாயில் 1926இல் பிறந்த வடிவம் அது. கேபிள் ஒரே ஒரு கம்பியோடுதான் இணைந்திருக்கும், மற்றவை வெறும் அலுமினியக் குழாய்கள். வெறும் குழாய் என்ன வேலை செய்யும் என்று கேட்பவருக்கு, குழாய்களின் மின்னோட்டத்தை மட்டும் நிறத்தில் காட்டும் அனிமேஷன் நல்ல பதில். கட்டம் ஒவ்வொரு குழாயாகத் தள்ளித் தள்ளிப் போவதும், முன்பக்கம் அவற்றின் அலைகள் சேர்ந்துகொள்வதும், பின்பக்கம் ஒன்றையொன்று அழிப்பதும் தெரியும். அனுப்பும் திசைவலிமையும் வாங்கும் திசைவலிமையும் ஒன்றே என்பது விதி. ஆனால் இரண்டின் புலப் படம் ஒன்றல்ல. வாங்கும் படத்தை யாரும் அவ்வளவாகச் செய்வதில்லை, செய்தால் அதுதான் அதிக ஆச்சரியம் தரும்.

எளிமைக்காக ஒற்றை அரை அலைநீளக் கம்பியை எடுத்துக்கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை மீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் தடிமன். தொலைவிலிருந்து வரும் அலை அதற்குத் தட்டையான சுவர். கம்பியின் நடுவில் ஏற்ற மின்தடையை, சுமார் 73 ஓம், இணைத்துவிட்டு, வரும் அலையையும் கம்பி திருப்பி வீசும் அலையையும் கூட்டி, ஆற்றல் பாயும் கோடுகளை மட்டும் வரைய வேண்டும். நேராக வந்துகொண்டிருக்கும் கோடுகள் கம்பியை நெருங்கும்போது வளைந்து அதை நோக்கித் திரும்பும். பக்கவாட்டில் தள்ளிப் போக வேண்டியவையும் உள்ளே வந்து விழும். கம்பி நிழலாக மறைக்கும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அது வாங்குவதோ சுமார் 1.2 சதுர மீட்டரில் வரும் ஆற்றலை. மின்தடையைக் கழற்றி, நடுவைக் குறுக்கிணைத்து, அதே கணக்கை மறுபடி ஓட்டினால், இழப்பில்லாத கம்பியில் போய் முடியும் கோடு ஒன்றுகூட இருக்காது. எல்லாம் அதைச் சுற்றி வளைந்து தாண்டிப் போய்விடும்.